வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

ஏழுபுளிப்பட்டியில் சாமி சாட்டிய மறுநாள் காலை, ஊர்க்கமிட்டித் தலைவர் காளை கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முத்துப்பாண்டி வீட்டுக்கு வந்தார். காளை யார் வீட்டுக்கும் எதையும் வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. சொந்தத் தங்கை தாமரைச்செல்வியைக் கட்டிக்கொடுத்த வீடுதான் அது என்றாலும், அவளுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட வெறுங்கையோடு வந்து, காப்பி குடித்து, அதில் சீனி கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவர். அதனால் பாட்டிலைப் பார்த்ததுமே ஏதோ பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று முத்துப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது.

“அயித்த எப்படி இருக்கு மாப்ள?”

“அப்படியேதான் இருக்கு மச்சான். கஞ்சி மட்டும் கொஞ்சம் இறங்குது.”

உள்ளறையில் முத்துப்பாண்டியின் தாய் அழகம்மாள் கட்டிலோடு கிடந்தாள். காளை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டர் என்னங்குறாரு?”

“இந்த வாரம் தாண்டுறது கஷ்டங்குறாரு.”

“இந்த வாரம்னா, எந்தக் கிழமை வரைக்கும்னு ஏதாவது சொன்னாரா?”

கேட்பதற்கு அடாவடியாக இருந்தாலும் காளையின் கவலை நியாயமானது. ஏழுபுளிப்பட்டி முத்தாலம்மனுக்கு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாமி சாட்டுவார்கள், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவிப்பார்கள். அடுத்த செவ்வாய் இரவு வேளார் மண்ணில் அம்மனைச் செய்து கண் திறப்பார். புதன் சாயங்காலம் அம்மனைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் எல்லையில் இருக்கும் புளியமரத்தடியில் கரைத்துவிடுவார்கள். ஒரே ஒரு நாள் வாழ்க்கை. அந்த ஒரு நாளுக்காக ஊர் எட்டு நாள் பத்தியம் காக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் வெளியூரில் போய் இரவு தங்கக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லைக்குள் சாவு விழக் கூடாது. விழுந்தால் அந்த வருஷம் அம்மன் இல்லை. முன்பொரு முறை ராமக்காள் என்கிற கிழவி திருவிழாவுக்கு முந்தின நாள் கண்ணை மூடிவிட, விழா நின்றுபோனது. மழையும் நின்றுபோனது. ஊர்க்காரர்கள் அந்தப் பஞ்ச காலத்துக்கு ராமக்கா வருசம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிணறு வற்றினால், “ராமக்கா வருசம் மாதிரியில்ல இருக்கு” என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ராமக்காளின் பேரன்கள் பொறுக்கமாட்டாமல் திருப்பூர் போய்ச் சேர்ந்தார்கள்.

“அதனால மாப்ள,” என்றார் காளை, “கோரிப்பாளையத்துல பெரியாஸ்பத்திரி இருக்குல்ல. அங்க கொண்டு போயி வெச்சுக்குவம். எது நடந்தாலும் அங்கன நடந்துட்டுப் போகுது.”

முத்துப்பாண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழகம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீம்பு பிடித்து வீட்டுக்கு வந்தவள். சொந்தக் கட்டிலில்தான் உயிர் போக வேண்டும் என்று டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொன்னவள். ஆனால் கோபத்தைவிட நல்ல ஒன்று அவன் கையில் இருந்தது.

“எங்க வீடு ஊர் எல்லைக்குள்ளயே இல்லையே மச்சான்,” என்றான். “இது மாநகராட்சியில்ல?”

அது உண்மைதான். ஊருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதாவது தண்ணீர் திறந்துவிட்டால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முத்துப்பாண்டியின் அப்பா மானாவாரியாகச் சோளம் விதைத்த காடு. அப்பா போன பிறகு முத்துப்பாண்டி அதைப் பிளாட் போட்டு விற்றான். கேட் வைத்து, கேட்டின் மேல் ‘அழகம்மாள் நகர்’ என்று எழுதினான். மதுரையிலிருந்து ரிட்டயர்டு ஆட்கள் வந்து வீடு கட்டினார்கள். உசிலம்பட்டி போகிற சாலையில் பஸ் ஏறினால் டவுன் பக்கம்தான். அப்போதுதான் சுற்றுவட்ட ஊராட்சிகளில் சிலவற்றை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. முத்துப்பாண்டிக்கு மூக்கில் வேர்த்தது. மாநகராட்சி என்றால் நிலத்துக்கு மதிப்பே வேறு. நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்பராமன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மனு எழுதுவதற்கென்றே பிறந்தவர். ‘எங்கள் பகுதிக்கும் ஏழுபுளிப்பட்டி கிராமத்துக்கும் ஒரு வாய்க்காலைத் தவிர யாதொரு தொடர்பும் கிடையாது’ என்று அவர் எழுதினார், முத்துப்பாண்டி முதல் கையெழுத்துப் போட்டான்.

ஊர் கொதித்தது. கிராம சபையில் காளை மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மன் எதுவரைக்கும் போகிறாளோ அதுவரைக்கும் எங்கள் ஊர், எந்த ஆபீசரும் கோடு போட்டு அறுக்க முடியாது என்று முழங்கினார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அரசாங்கம் யாருடைய முழக்கத்தையும் கேட்காமல் ஒருநாள் ஆணை போட்டது. வாய்க்கால் பாலத்தின் ஒரு முனையில் ‘ஏழுபுளிப்பட்டி ஊராட்சி, நன்றி மீண்டும் வருக’ என்று ஒரு பலகை. பாலத்தைத் தாண்டினால் ‘மதுரை மாநகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று இன்னொரு பலகை. நடுவில் இருக்கும் பாலம் யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் அதன் கைப்பிடிச் சுவர் இடிந்தே கிடக்கிறது.

ஒரு மனிதனை அரசாங்கம் எத்தனை துண்டாகப் போட முடியும் என்பதற்கு அழகம்மாள் நகர் நல்ல உதாரணம். வீட்டு வரி ஓரிடத்தில், பட்டாவுக்கு இன்னோரிடத்தில் இருக்கும் தாலுகா ஆபீஸ். திருடன் வந்தால் ஒரு ஊர் போலீஸ், தீப்பிடித்தால் வேறு ஊர் வண்டி. ஓட்டுப் போட ஒரு பக்கம், ரேஷன் அரிசிக்கு மறுபடியும் வாய்க்காலைத் தாண்டி ஏழுபுளிப்பட்டி. அம்மன் மட்டும் இதொன்றையும் கண்டுகொள்ளாமல் ஆணை வந்த பிறகும் வழக்கம்போல் பாலத்தைத் தாண்டி, நகருக்குள் நுழைந்து, முத்துப்பாண்டி வீட்டு வாசலில் நின்று, அதற்கப்பால் இருக்கும் எல்லைப் புளிக்குப் போய்க் கரைந்துகொண்டிருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கும்படி ஆகிவிட்டது. காளை கொஞ்ச நேரம் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

“மாநகராட்சிங்குற,” என்றார்.

“நான் சொல்லல. அரசாணை சொல்லுது.”

“சரி, ஊர்ல வெச்சுப் பேசிட்டு வாரேன்.” காளை எழுந்து போனார். காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, அம்மன் பீடம் இருக்கும் மந்தைத் திடலில் ஊர் கூடியது. முத்துப்பாண்டியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் சண்டைக்குத் தயாராகப் போனான். அங்கே சண்டையே இல்லை. காளை அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார். மூன்று வருஷமாக முத்துப்பாண்டி சொல்லிக்கொண்டிருந்ததை, வரி பிசகாமல், காளை தன் வாயால் சொன்னார்.

“முத்துப்பாண்டி சொல்றது நாயந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஊரு இல்ல. அரசாங்கமே சொல்லிருச்சு. அதுனால அயித்தைக்கு எது ஆனாலும் ஊருக்குத் தீட்டு இல்ல. நீ நிம்மதியாப் போயி ஆத்தாளப் பாரு மாப்ள.”

முத்துப்பாண்டிக்குத் தலை கால் புரியவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தான்.

“ஒக்காரு. இன்னும் இருக்கு,” என்றார் காளை. “இந்த வருசத்துலருந்து அம்மன் பாலத்தோட நின்னுரும். பாலத்தடியிலயே கரைச்சுருவோம்.”

“பாலத்தோடயா?”

“எல்லை தாண்டி சாமி போகாதுல்ல. உங்க வீட்டு முளைப்பாரியும் வேணாம். தப்பா எடுத்துக்காத. வெளியூர்க்காரவுக முளைப்பாரி வாங்குற பழக்கம் இல்ல.”

முத்துப்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்தான். காளை கையமர்த்தினார்.

“அப்புறம் இன்னொண்ணு. அயித்தைக்கு ஆனதுக்கப்புறம்... நம்ம கம்மாய்க்கரை மயானம் ஊராட்சி மயானமில்லையா? மாநகராட்சின்னா தத்தனேரிச் சுடுகாடு இருக்கு மாப்ள. கேஸ் அடுப்பு. சுத்தமா முடிஞ்சுரும்.”

கேலியாகச் சொல்லியிருந்தால்கூட முத்துப்பாண்டி தாங்கியிருப்பான். காளை கேலி செய்யவில்லை. தங்கை மாமியாருக்கு நல்ல இடமாகப் பார்த்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அழகம்மாளுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தவை இரண்டே ஆசைகள். ஒன்று, கம்மாய்க்கரையில் புருஷன் பக்கத்தில் படுப்பது. அவரைப் புதைத்த அன்றே பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, “இது எனக்கு, எவளையும் இங்கன விட்டுராதீக” என்று குழி வெட்டுகிறவரிடம் சொல்லிவைத்தவள் அவள். இன்னொன்று, அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கரையப் போகிற அம்மனின் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை, வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அவள் ஊற்றுகிறாள். சோளக்காடாக இருந்தபோது வரப்பில் நின்று ஊற்றினாள். வீடானபோது வாசலில் நின்று ஊற்றினாள். “அவளுக்கு ஒரு நாளு உசுரு. அழுகாம கொள்ளாம எப்படிப் போறா பாரு. வழியனுப்ப ஒருத்தியாவது வேணாமா?” என்பாள். இப்போது படுக்கையில் கிடந்துகொண்டு, “புதங்கெழம தானடா? அம்மனப் பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிச் சொல்லியேதான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள்.

அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அறையிலிருந்து சன்னமாகக் குரல் வந்தது. “ஊர்ல என்னடா பேசுனாக?”

“சும்மாதான் ஆத்தா. ரேடியோ செட்டு யாருக்கு விடுறதுன்னு.”

சொல்லிவிட்டு வெளியே வந்து கேட்டில் சாய்ந்து நின்றான். தலைக்கு மேல் அவளுடைய பெயர் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆத்தாளின் பெயரை வைத்த இடத்தை ஊரிலிருந்து அறுத்ததோடு, ஆத்தாளையும் அறுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நடை போய்க்கொண்டிருந்த சுப்பராமன் நின்றார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, “சார், நம்ம நகரைத் திரும்ப ஊரோட சேர்க்க வழி இருக்கா?” என்று கேட்டான்.

“தற்காலிகமாவா, நிரந்தரமாவா?”

“புதன்கிழமை வரைக்கும்.”

சுப்பராமன் தீவிரமாக யோசித்தார். “அப்படி ஒரு பிரிவு சட்டத்துல இல்லை முத்துப்பாண்டி. ஆட்சேபணை தெரிவிக்கக் கொடுத்த காலக்கெடுவும் முடிஞ்சுடுத்து.” இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். “ஆனா அரசாணையில் அம்மனைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. அதை வேணா நீங்க சொல்லிப் பாக்கலாம்.”

சனிக்கிழமை முத்துப்பாண்டி தானாகவே மந்தைக்குப் போனான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். முந்தின நாள் நாற்காலி போட்டவர்கள் இன்று போடவில்லை.

“எங்க நகரு ஊர் எல்லைக்குள்ளதான் இருக்கு,” என்றான்.

மந்தையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. “மாப்ள, அரசாணை இருக்கே,” என்றார் காளை.

“அது குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் போட்ட ஆணை மச்சான். சாமிக்குப் போடல. அம்மன் எதுவரைக்கும் போறாளோ அதுவரைக்கும் ஊருன்னு நீங்கதான மைக்குல பேசுனீக?”

தன் பேச்சையே தனக்கு எதிராகக் கொண்டுவந்தால் காளை என்ன செய்வார்! மீசையைத் தடவினார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எல்லோர் மனதிலும் இருந்ததைப் போட்டு உடைத்தார்.

“எல்லைக்குள்ளன்னா, கெழவி ஞாயித்துக்கெழமயே போயிட்டா? வெள்ளாமை வெச்ச வீடு அம்புட்டும் என்ன பண்றது? நாளைக்கு மழை பேயலைன்னா யாரக் கேக்குறது?”

“போகாது,” என்றான் முத்துப்பாண்டி.

“நீ என்ன எமனுக்குச் சம்பந்தியா?”

அவன் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தானா என்பது அவனுக்கே சந்தேகம். அம்மன் பீடத்துக்குப் போனான். வேப்பங்கொத்தைக் கையில் எடுத்து, எரிகிற சூடத்தின் மேல் கை வைத்தான். “புதங்கெழம அம்மன் எல்லை சேர்ற வரைக்கும் எங்காத்தா சாகாது. நான் பொறுப்பு. அப்படி ஆச்சுன்னா நானும் எம்புள்ளைகளும் இந்த மந்தையில கால் வெக்கல.”

எந்த டாக்டரும் எடுத்துக்கொள்ளாத பொறுப்பு. “சரி, அம்மன் எல்லைப்புளிக்கே போகட்டும்,” என்றார் காளை. திரும்பி நடக்கும்போது யாரோ ஒருவர் யாரிடமோ, “பாப்போம், அழகம்மா வருசமா ஆகாம இருந்தாச் சரி” என்று சொன்னது முத்துப்பாண்டியின் காதில் விழுந்தது. உள்ளங்கைச் சூட்டைவிட அது அதிகமாகச் சுட்டது. மந்தையை மிதிக்காமல் இருந்துவிடலாம். கிணறு வற்றும்போதெல்லாம் ஆத்தாளின் பெயரைச் சொல்வார்களே, அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது!

மறுநாளிலிருந்து அழகம்மாளுக்கு வந்த யோகம் ஊரில் எந்தப் புது மாப்பிள்ளைக்கும் வந்ததில்லை. அவள் படுத்து ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இளநீரோடு வந்தார்கள். கமிட்டியில் ஆள் மாற்றி ஆள் வாசலில் காவல் இருந்தார்கள். கோழி கூவினால்கூட, ஆத்தா திடுக்கிடும் என்று விரட்டினார்கள். முருகம்மாள் என்கிற பக்கத்துத் தெருக்காரி, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக்காக அழகம்மாளோடு பேச்சை முறித்தவள், வந்து காலைப் பிடித்துவிட்டாள். சுப்பராமன் விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியைக் கொண்டுவந்து மாட்டினார். அவர் மனைவி விஜயம் எண்ணெய்ச்சட்டி ஏறக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, தாளிக்காமல் பருப்பு ரசம் வைத்து அனுப்பினாள். காளை காலையும் மாலையும் வந்து, அயித்தையின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். அவருக்கு மாட்டுக்கு நாடி பார்க்கத்தான் தெரியும், ஆனால் அதை அப்போது யாரும் கிளறவில்லை.

திங்கட்கிழமை அழகம்மாள் கண்ணைத் திறந்து, “ஏத்தா தாமரை, நான் என்ன எலக்சன்லயா நிக்கிறேன்? எதுக்கு இம்புட்டுப் பேரு வந்து கும்பிட்டுட்டுப் போறாக?” என்று கேட்டாள்.

தாமரைச்செல்விக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்துப்பாண்டி நிலைப்படியில் நின்று கையைப் பிசைந்தான். கிழவி அவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்சம் நேரமானது.

“கூறு கெட்ட பயலே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சத்தியம் பண்ணப்படாதா?”

“ஆத்தா...”

“சரி போ. சூடத்துல வெச்ச கையி, மருந்து போட்டியா?”

அன்று இரவு அவள் மருமகளைக் கிட்டே கூப்பிட்டு, காதில் ஏதோ சொன்னாள். மாமியாரும் மருமகளும் ரகசியம் பேசிக்கொண்டது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. என்ன என்று முத்துப்பாண்டி கேட்டதற்கு, “பொம்பளைக சமாச்சாரம்” என்று சொல்லிவிட்டுத் தாமரைச்செல்வி விளக்கை அணைத்தாள்.

செவ்வாய் இரவு அம்மன் கண் திறந்தாள். கொட்டுச் சத்தம் வாய்க்காலைத் தாண்டி வந்தது. அழகம்மாள் படுத்தபடியே இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோனாள். முத்துப்பாண்டி அதைத் தன் கண்ணால் பார்த்தான்.

புதன் விடிந்தபோது தாமரைச்செல்வி குளித்து முடித்து அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “ராத்திரி பூராவும் தூங்கல. இப்பத்தான் கண்ணசந்திருக்காக. உள்ள போயி எழுப்பாதீக,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். சற்றுநேரத்தில் காளை வந்தார். வழக்கம்போல் உள்ளே போனார், வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“நாடி எப்படி மச்சான்?”

“நல்லா ஓடுது. நீ வா எங்கூட, சோலி தலைக்கு மேல கெடக்கு.”

அன்றைக்கு முத்துப்பாண்டியைக் காளை ஓட ஓட விரட்டினார். பாலத்தில் மாவிலைத் தோரணம் கட்டு என்றார். கட்டினான். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வரச் செக்கானூரணிக்கு அனுப்பினார். வாழைமரம் சாய்கிறது, நிமிர்த்து என்றார். எல்லைப்புளியடியைக் கூட்டித் தண்ணீர் தெளி என்றார். மூன்று வருஷமாகத் தள்ளியே வைத்திருந்தவனை ஊர் இப்படி இழுத்துப் போட்டு வேலை வாங்கியதில் முத்துப்பாண்டிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவனிடம் தன்மையாகப் பேசினார்கள். எப்போதும் எதிலாவது குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள்கூட, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார்கள். ஆத்தா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மதியம் வீட்டுக்கு ஒரு எட்டு வந்தான். தாமரைச்செல்வி சோற்றை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கை கழுவக் கொல்லைக்குப் போனபோது கஞ்சிச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. உலர்ந்துபோயிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “கஞ்சி குடுத்தியா?” என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் அம்மன் புறப்பட்டாள். முளைப்பாரிப் பெண்கள் முன்னால் வர, கொட்டும் குலவையுமாக ‘நன்றி மீண்டும் வருக’ பலகையைத் தாண்டி, யாருடையதும் அல்லாத பாலத்தில் ஏறி, மாநகராட்சியின் அன்பான வரவேற்புக்குள் இறங்கினாள். விஜயம் தெருவை அடைத்துக் கோலம் போட்டிருந்தாள். அம்மன் முத்துப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அவன் உள்ளே ஓடினான், ஆத்தாளைத் தூக்கி உட்காரவைப்பதற்கு. தாமரைச்செல்வி நிலைப்படியில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வழியை மறித்து நின்றாள். முந்தானையை வாயில் கடித்திருந்தாள். அதை எடுத்துவிட்டு, “இந்த வருசம் நீங்கதான் ஊத்தணுமாம். அயித்த சொல்லிட்டாக,” என்றாள்.

தெருவைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. கட்டில் ஜன்னலோரம் நகர்த்தப்பட்டிருந்தது. அழகம்மாள் தலை சீவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முகத்தை அம்மன் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். முத்துப்பாண்டி ஒரு பார்வை பார்த்தான். இரண்டாம் பார்வை பார்க்கப் பயமாக இருந்தது. குடத்தை வாங்கிக்கொண்டு இறங்கி, மண்ணாலான அந்தக் காலில் ஊற்றினான். பின்னாலிருந்து காளையின் குரல் இடி மாதிரி வந்தது.

“என்னடா கொட்டு அடிக்கிறீக, சோறு திங்கல? நல்லா அடிங்கடா! எட்டு ஊருக்குக் கேக்கணும்!”

கொட்டுக்காரர்கள் வெறி பிடித்தவர்களைப் போல அடித்தார்கள். அம்மன் நகர்ந்தாள். எல்லைப்புளியடியில் இறக்கி வைத்து, எல்லோரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, முகம் கரைந்து, கை கரைந்து, கொஞ்ச நேரத்தில் அங்கே வெறும் ஈர மண் கிடந்தது. வேட்டுப் போட்டார்கள். அதன் சத்தம் அடங்கிய மறுவிநாடி நகர்ப் பக்கமிருந்து ஒற்றைக் குரலாக ஒப்பாரி எழுந்தது. தாமரைச்செல்வியின் குரல். காலையிலிருந்து நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது மொத்தமாக உடைத்துக்கொண்டு வந்தது.

காளை தோளிலிருந்த துண்டை எடுத்தார். சுற்றி நின்ற ஆண்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். யாருடைய முகத்திலும் திடுக்கிடல் இல்லை.

“எப்ப மச்சான்?” என்றான் முத்துப்பாண்டி.

“இப்பத்தான மாப்ள. வேட்டுச் சத்தம் கேட்டதும்.”

“மச்சான்.”

காளை அவனைப் பார்த்தார். பிறகு ஈர மண்ணைப் பார்த்தார். “சாவு சொல்லி, காதுல விழுந்தாத்தான் தீட்டு. யாரும் சொல்லல. யாரும் கேக்கல.”

“ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்?”

“பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியும். பேங்க் சாரு மத்தியானமே வந்து வெரல்ல மாட்டுன மிசின அமைதியாக் கழட்டிட்டுப் போனாரு.”

“எனக்கு மட்டும் ஏன் சொல்லல?”

“நாங்க யாரும் சத்தியம் பண்ணலயே மாப்ள. நீதான பண்ணுன? தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அம்மன் கால்ல தண்ணி ஊத்தியிருந்தா உன் சத்தியம் என்னத்துக்கு ஆகும்? அயித்ததான் தாமரைகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கு. யாருக்கு வேணாச் சொல்லு, எம்மகன்ட்ட மட்டும் சொல்லிராதன்னு.”

முத்துப்பாண்டி எல்லைப் புளியின் வேரில் உட்கார்ந்தான். தோரணம் கட்டியது, டீசல் வாங்கியது, வாழைமரம் நிமிர்த்தியது என்று அன்றைய பகல் முழுக்க அவன் கண் முன்னால் ஓடியது. வாழைமரத்தை நிமிர்த்தும்போது ஒரு சினிமாப் பாட்டுக்கூட முனகினான். தாயில்லாதவன் என்பது ஊர் முழுக்கத் தெரிந்து, அவனுக்கு மட்டும் தெரியாத ஒரு பகல். அவன் வாய்விட்டு அழுதான். காளை பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, அவனைவிடச் சத்தமாக அழுதார்.

மறுநாள் ஊரே திரண்டு அழகம்மாளைக் கம்மாய்க்கரைக்குக் கொண்டுபோனது. பாடை பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பலகைகளிலும் யாரோ மாலை போட்டிருந்தார்கள். அவள் நட்ட கல்லைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வெட்டினார்கள். குழியில் ஓரடி ஆழத்திலேயே ஈரம் இருந்தது. நல்ல வருஷம் என்று வெட்டுகிறவர் சொன்னார்.

அடுத்த வாரம் முத்துப்பாண்டியும் காளையும் மாநகராட்சியில் பதிவு செய்யப் போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், இறந்த இடம் எது என்று கேட்டாள். அழகம்மாள் நகர் என்றான். பெயரைக் கேட்கவில்லை, இடத்தைக் கேட்டேன் என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினான். அடக்கம் செய்தது ஊராட்சி, இறந்தது மாநகராட்சி, இது எப்படி என்று அவள் கேட்டதற்குக் காளை, “நடுவுல ஒரு வாய்க்கால்தாம்மா,” என்றார்.

“இறந்த நேரம்?”

“சாயங்காலம்,” என்றார் காளை சட்டென்று. “வேட்டுப் போட்டதும்.”

அவள் முத்துப்பாண்டியின் முகத்தைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். உண்மையான நேரம் தாமரைச்செல்விக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. அவன் இன்னும் கேட்கவில்லை.